துணை நாற்காலிக்கு எதற்குப் பட்டாசு?

நம்மவர் ஒருவர் வெளிநாட்டில் ஏதாவது ஒரு பெரிய அமைப்பில் 'துணை' என்று தொடங்கும் பதவிக்கு வந்துவிட்டால் போதும். மறுநாள் காலையில் கைபேசியைத் திறந்தால் ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து வந்து நிற்கிறது. ஒரு மூலையில் மூவர்ணக் கொடி, இன்னொரு மூலையில் கை கூப்பிய பொம்மை, நடுவில் 'உலகையே ஆளும் இந்தியர்' என்று கொட்டை எழுத்து. தமிழர் என்றால் இன்னும் ஒரு சுற்று அதிகம். அனுப்புகிறவர்கள் இளைஞர்கள் இல்லை. எல்லாம் நம் வயதுக்காரர்கள்தான். பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் காலையில் வேறு என்ன வேலை என்று கேட்காதீர்கள்; நானும் பென்ஷன்காரன்தான்.

ஆனாலும் இந்தப் பட்டாசுச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. துணை நாற்காலியை நமக்குக் காட்டித்தான் தலைமை நாற்காலியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கொடுத்த மிட்டாய்க்குக் கைதட்டுகிறோம். அது மட்டுமா? உண்மையிலேயே நாம் பெருமைப்பட வேண்டிய துணைத் தலைவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். அவர்கள் பெயரைக் கேட்டால் கோயமுத்தூரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'யாருங்க அது?' என்கிறார்கள்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிழைப்புக்காக இந்தக் கொங்குச் சீமைக்கு வந்து அரசு அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் தள்ளினேன். பிரெஞ்சில் துணை அதிகாரியை 'அத்ழுவான்' என்பார்கள். 'கூடச் சேர்த்து வைக்கப்பட்டவர்' என்று அதற்குப் பொருள். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் இருப்பானே, அதுமாதிரி. முகூர்த்தம் முடியும்வரை பக்கத்திலேயே நிற்பான். மாலையை வாங்கிக் கொடுப்பான். படத்தில் எல்லாம் விழுவான். தாலி கட்டுவது மட்டும் அவன் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐ.எம்.எஃப். என்கிற பன்னாட்டு நிதியத்தையே எடுத்துக்கொள்வோம். அதைத் தோற்றுவித்த கூட்டம் 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில் நடந்தது. 44 நாடுகள் கலந்துகொண்டன. அப்போது நாம் இன்னும் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தோம். இந்தியக் குழுவின் தலைவரே ஜெரமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேய அதிகாரிதான். ஆனால் அந்தக் குழுவில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாய் ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோரும் இருந்தார்கள். அடிமை நாட்டிலிருந்து போயிருந்தும் இவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. யுத்த காலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட கடன், ஸ்டெர்லிங் பாக்கி என்று லண்டனில் முடங்கிக் கிடந்தது. அதைத் திரும்பப் பெற இந்த நிதியத்தில் வழி வேண்டும் என்று கேட்டார்கள். பங்கும் அதிகம் வேண்டும் என்று வாதாடினார்கள். ஸ்டெர்லிங் விஷயத்தில் கேட்டது கிடைக்கவில்லை. பங்கில் 40 கோடி டாலர் கிடைத்தது.

அந்த 40 கோடிக்கு ஒரு மதிப்பு இருந்தது. சோவியத் ரஷ்யா நிதியத்தில் சேராமல் நின்றுவிட்டதால், முதல் ஐந்து பெரிய பங்குதாரர்களில் இந்தியாவும் ஒன்றானது. தேர்தல் இல்லாமலே நிர்வாகக் குழுவுக்கு ஆள் அனுப்பும் உரிமை அந்த ஐவருக்கும் உண்டு. 1970 வாக்கில் ஜப்பான் நம்மைத் தாண்டிப் போனது. அந்த உரிமையும் போனது. இன்றைக்கு நம் ஓட்டு 2.6 சதவீதம் சொச்சம். அமெரிக்காவின் ஓட்டு 16 சதவீதத்துக்கும் மேல். பெரிய மாற்றம் எதற்கும் 85 சதவீத ஓட்டு வேண்டும் என்பது விதி. அதாவது அமெரிக்கா ஒரு நாடு தலையாட்டாவிட்டால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் ஒன்றும் நகராது.

பதவிகள் எப்படிப் பங்கு போடப்பட்டன என்று பாருங்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத ஓர் ஏற்பாடு. நிதியத்தின் தலைவர் ஐரோப்பியர். உலக வங்கியின் தலைவர் அமெரிக்கர். நிதியத்தின் முதல் துணைத் தலைவர் அமெரிக்கர். இதுவரை நிதியத்துக்கு 12 தலைவர்கள் வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் ஐரோப்பியர்கள். அதில் ஐந்து பேர் பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த மொழி மேல் பிரியம் உண்டு. அதற்காகப் பன்னிரண்டில் ஐந்து நியாயம் என்று சொல்ல முடியுமா? துணைப் பதவி 1949-ல் உருவானது. அன்று முதல் இன்று வரை முதல் துணை நாற்காலியில் அமெரிக்கரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

'கீதா கோபிநாத் உட்காரவில்லையா?' என்று உடனே கேட்பீர்கள். உட்கார்ந்தார். 2022 ஜனவரியில் வந்தார். 2025 ஆகஸ்டில் ஹார்வர்டுக்குத் திரும்பிப் போனார். கல்கத்தாவில் பிறந்து, மைசூரில் வளர்ந்து, டெல்லியில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். துணைத் தலைவராவதற்கு முன் மூன்று ஆண்டு அதே நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர். அவர் அறிவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அமெரிக்காவுக்கு ஒதுக்கிய நாற்காலியில் அமெரிக்கராகத்தான் உட்கார்ந்தார். அவர் போனதும் அந்த இடத்துக்கு யார் வந்தார்? டான் காட்ஸ். அமெரிக்க நிதித் துறையிலிருந்து நேராக வந்தவர். நாற்காலி யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? உலக வங்கியில் 2023-ல் அஜய் பங்கா வந்தபோதும் இதே கதைதான். புனேக்காரர் என்று நாம் கொண்டாடினோம். அவரை நிறுத்தியவர் அமெரிக்க ஜனாதிபதி பைடன்.

மற்றத் துணைகளின் கதை இன்னும் சுவையானது. 1994-ல் நிதியத்தில் ஒரு துணைக்குப் பதில் மூன்று துணை என்று ஆக்கினார்கள். முதல் துணை ஸ்டான்லி ஃபிஷர், அமெரிக்கர். இன்னொருவர் ஐவரி கோஸ்ட்டின் அலசான் ஊத்தாரா. பின்னாளில் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். மூன்றாமவர் பி.ஆர். நர்வேகர், இந்தியர். மெய்யான இந்தியப் பிரஜை ஒருவர் அந்த நிதியத்தில் துணைத் தலைவராக இருந்தது அப்போதுதான். அன்றைக்கு ஒரு பட்டாசுகூட வெடித்ததாக எனக்கு நினைவில்லை. 1997-ல் அவர் விலகியதும் ஒரு ஜப்பானியர் வந்தார். அவருக்குப் பிறகு வரிசையாக ஜப்பானியர்களே துணையாக வருகிறார்கள்.

2011-ல் நிதியத்தின் தலைவர் பதவி திடீரென்று காலியானது. 'ஐரோப்பியருக்கே என்ற வழக்கத்தை விடுங்கள்' என்று இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, தென் ஆப்பிரிக்கா ஐந்தின் நிர்வாகக் குழுப் பிரதிநிதிகளும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். மெக்சிகோவின் அகுஸ்தின் கார்ஸ்டென்ஸ் போட்டியிட்டார். முடிவு என்ன? பிரான்சின் கிறிஸ்தீன் லகார்த் தலைவரானார். சீனாவுக்கு ஆறுதலாக நான்காவதாக ஒரு துணை நாற்காலியை உருவாக்கி ஸு மின் என்பவரை உட்கார வைத்தார்கள். அன்று முதல் அந்த இடமும் சீனருக்கே போகிறது. குழந்தை ராட்டினத்துக்கு அழுதால் பலூனை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவோமே, அதுதான். கேட்ட ஐந்து நாடுகளில் ஒரு நாட்டுக்குப் பலூன் கிடைத்தது. மற்ற நான்கும் வெறுங்கையோடு வந்தன. தலைமை நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தத் தந்திரம் எனக்குப் புதிதில்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் புதிதாக இருக்காது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் எத்தனையாவது கட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதிகாரி இடம் காலியானபோது அவருக்கு 'பொறுப்பு' கொடுத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம், நான்கு வருஷம் பொறுப்பாகவே ஓடியது. வேலை அத்தனையும் அவருடையது. கடைசியில் அந்த இடத்தை நிரப்பும்போது வேறொருவர் வந்து உட்கார்ந்தார். இவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் பொன்னாடையும் கிடைத்தன. நாங்களும் கைதட்டினோம். அந்தக் கைதட்டல் யாருக்கு உதவியது? இடத்தைக் கொடுக்காதவர்களுக்குத்தான். அவர்கள் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கியது.

'அதெல்லாம் பணம் சம்பந்தப்பட்ட இடம், அப்படித்தான் இருக்கும்' என்பீர்கள். ஐக்கிய நாடுகள் சபையைப் பார்ப்போம். துணைத் தலைமைச் செயலர் என்ற பதவி அங்கே வெகு காலம் கிடையாது. 1997 டிசம்பரில்தான் பொதுச்சபை அதை உருவாக்கியது. முதலில் கனடாவின் லூயிஸ் ஃப்ரெஷெட், பிறகு பிரிட்டனின் மார்க் மல்லாக் பிரவுன், தான்சானியாவின் ஆஷா ரோஸ் மிகிரோ, சுவீடனின் யான் எலியாசன், 2017 முதல் நைஜீரியாவின் அமினா முகமது. இந்த ஐந்து பேரில் இந்தியரும் இல்லை, ஆசியாவைச் சேர்ந்தவரும் இல்லை. அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் முக்கியத் துறைகளையும் பெரிய நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அமைதிப்படைத் துறைக்கு 1997-லிருந்து பிரெஞ்சுக்காரர்தான் தலைவர். அந்தப் படையில் வெயிலில் நிற்கும் சிப்பாய் எந்த நாட்டுக்காரன்? நம் நாட்டவனும் வங்காளதேசத்தானும் நேபாளத்தானும்தான். உயிரைக் கொடுப்பவன் ஒருவன், உத்தரவு போடுபவன் இன்னொருவன்.

சரி, நம்மவருக்குத் தலைமைத் தகுதி இல்லையா? அதையும் வரலாறு சொல்கிறது. ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு 1946-ல் முதல் தலைவர் யார்? ஆற்காடு ராமசாமி முதலியார். அவருடன் இரட்டையராகப் பிறந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியார் 1961-ல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவர். பி.ஆர். சென் என்ற வங்காளி ஐ.சி.எஸ். அதிகாரி 1956 முதல் 1967 வரை உணவு வேளாண்மை அமைப்பின் தலைமை இயக்குநர். சி.பி. ஸ்ரீவாஸ்தவா 1974 முதல் 1989 வரை கடல்சார் அமைப்பின் தலைமைச் செயலர். இவர்கள் யாரும் துணை இல்லை; முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்தவர்கள். அதெப்படி முடிந்தது? உறுப்பு நாடுகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் அவை. பணக்கார நாட்டுக்கு ஒரு கணக்கு, ஏழை நாட்டுக்கு ஒரு கணக்கு என்று அங்கே ஓட்டை எடை போடுவதில்லை. கதவு திறந்திருந்த இடத்தில் நம்மவர் உள்ளே போய் உட்கார்ந்தார். கதவு மூடியிருந்த இடத்தில்தான் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுக்கிறார்கள். மோருக்கு நன்றி சொல்லலாம். வீடே நமக்குக் கிடைத்துவிட்டதாகத் தண்டோரா போடக் கூடாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவுப்படி, அங்கே வேலை பார்ப்பவர் எந்த அரசாங்கத்திடமிருந்தும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது. அப்படியிருக்க, யார் எந்த நாட்டுக்காரர் என்று ஏன் பார்க்க வேண்டும்?

பார்க்கத்தான் வேண்டும். உத்தரவு பெறக் கூடாது என்பது சரி. ஆனால் ஒரு மனிதன் தான் பார்த்து வளர்ந்த உலகத்தை மண்டையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. கோப்பில் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். கையெழுத்து அதிகாரியுடையது, ஆனால் குறிப்பில் எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் தள்ளுவது, எதை விட்டே விடுவது என்பது எழுதுகிறவன் கையில் இருக்கிறது. மழை பொய்த்த காட்டைப் பார்த்தவன் எழுதும் குறிப்பு ஒரு மாதிரி இருக்கும். பார்க்காதவன் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.

இதற்கும் கோயமுத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் திருப்பூர் வரை ஒரு நடை போய்வரலாம். 1974-ல் பல்வகை நூலிழை ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். எந்த நாடு எத்தனை உருப்படி துணி ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா வைத்தார்கள். கோட்டா கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன் கோட்டா வைத்திருந்தவனிடம் விலை கொடுத்து வாங்கினான். பிறகு உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005 ஜனவரி 1-ஆம் தேதி கோட்டா முழுவதும் ஒழிந்தது. திருப்பூரில் எத்தனை பனியன் கம்பெனி, எத்தனை ஷிப்ட், எத்தனை குடும்பம் என்பது ஜெனீவாவில் முடிவானது. 1991-ல் நம் தங்கத்தை அடகு வைத்தோமே, ரூபாயின் மதிப்பைக் குறைத்தோமே, அப்போது வாஷிங்டனில் நிதியம் போட்ட நிபந்தனைகளின் சூடு இங்கே மில் வாசல் வரை வந்தது. அந்த மேஜையைச் சுற்றி யார் உட்கார்கிறார்கள் என்பது நம் சோற்றுப் பிரச்சினை. வெறும் பெருமைப் பிரச்சினையாக அதைச் சுருக்கிவிட்டதுதான் எனக்குக் கோபம்.

இப்போது, நாம் மறந்துவிட்ட துணைத் தலைவர்களிடம் வருகிறேன்.

மால்கம் ஆதிசேஷையா 1910-ல் வேலூரில் பிறந்தவர். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1948-ல் பாரிசில் யுனெஸ்கோவில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1963-ல் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். 1970 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவருக்கு மேலே இருந்தவர் ரெனே மஹு என்ற பிரெஞ்சுக்காரர். அன்றைக்கு யுனெஸ்கோவின் தலைமை நாற்காலி ஆசியாவுக்கு எட்டாக்கனி. 1999-ல் ஜப்பானின் மத்சூராதான் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியர். ஆதிசேஷையாவுக்கும் பூட்டு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பூட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். புதிதாகச் சுதந்திரம் அடைந்த ஏழை நாடுகளில் பள்ளிக்கூடம், ஆசிரியர் பயிற்சி, எழுத்தறிவு இவற்றுக்கான உதவித் திட்டங்களைப் பல ஆண்டுகள் நடத்தினார். அவர் துணைத் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில்தான், 1967-ல், யுனெஸ்கோ கூரியர் தமிழிலும் வரத் தொடங்கியது. மணவை முஸ்தபா அதன் ஆசிரியர். நம் வயதுக்காரர்கள் நூலகத்தில் அதைப் புரட்டியிருப்பீர்கள். அறிவியலும் கலையும் தமிழில் சொல்ல வரும் என்று காட்டிய பத்திரிகை அது. நான் பள்ளியில் பிரெஞ்சுக் கூரியரைப் பார்த்து வளர்ந்தவன். அதே பத்திரிகை தமிழில் வந்து நின்றபோது ஏற்பட்ட சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு 1970-ல் நடந்தது எங்கே தெரியுமா? அதே பாரிசில்தான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரியது. பாரிசிலேயே தங்கிவிடவில்லை. ஊர் திரும்பினார். 1971-ல் அவரும் அவர் மனைவி எலிசபெத்தும் சேர்ந்து சென்னை அடையாறில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டின் விவசாயம், கூலி, கைத்தறி, கல்வி பற்றிக் கணக்குப் பார்த்துச் சொல்லும் இடமாக அது வளர்ந்தது, இன்றும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி வேண்டும் என்று 1978-ல் அறிக்கை கொடுத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். தொழிற்கல்விக்கும் கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கும் உள்ள உறவை இங்கே நான் விளக்கத் தேவையில்லை. 1994-ல் காலமானார். இன்று பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் சி.வி. நரசிம்மன். ஐ.சி.எஸ். அதிகாரி. ஐ.நா. தலைமைச் செயலர் ஊ தாண்ட் காலத்தில் அவருக்கு 'ஷெஃப் து கபினே'. இது பிரெஞ்சுப் பட்டம். தலைமைச் செயலரின் அலுவலகத்தையே நடத்துகிறவர் என்று பொருள். துணைத் தலைமைச் செயலர் பதவியே இல்லாத அந்த நாளில், ஊ தாண்டுக்கு வலது கை இவர்தான். 1966 அக்டோபரில் ஐ.நா. மண்டபத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினாரே, ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பாட்டையும் சேர்த்து, அந்தக் கச்சேரிக்குப் பின்னால் இருந்தவர்களில் இவரும் ஒருவர். எம்.எஸ். பாடியது நமக்கு நினைவிருக்கிறது. மண்டபத்தைத் திறந்துவிட்டவர் பெயர் மறந்துவிட்டது.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் 2017 கடைசியில் உலக சுகாதார அமைப்பின் துணைத் தலைமை இயக்குநரானார். 2019-ல் அதன் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார். கொரோனா காலத்தில் அவர் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் இல்லை. 2022 கடைசியில் விலகிச் சென்னைக்கு வந்து, தன் தந்தை தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். சௌம்யா காசநோய் ஆராய்ச்சியில் பல ஆண்டு இங்கேயே உழைத்த பிறகு ஜெனீவாவுக்குப் போனவர். இங்கிருந்து கொண்டுபோன அனுபவம்தான் அங்கே அவருக்கு மதிப்பைத் தந்தது.

'இப்படியெல்லாம் பேசுவது வயிற்றெரிச்சல். ஒரு பெண் உயர்ந்தால் வாழ்த்தக் கூடாதா?' என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக வாழ்த்துங்கள். படித்தவரை, உழைத்தவரை வாழ்த்துவதில் தவறே இல்லை. ஆனால் ஒருவர் சொந்த உழைப்பில் பெற்றதை நாடு பெற்றதாகக் கணக்கு எழுதாதீர்கள். துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். அதனால் மன்னார்குடிக்காரருக்கு அமெரிக்க விசா எளிதாகிவிட்டதா? இரத்தம் நம்முடையது என்பதால் நாற்காலியும் நம்முடையது என்று நினைப்பது, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நம் நிழல் விழுகிறது என்பதற்காகப் பாத்தியதை கேட்பது போன்றது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'பொறுமையாக இருங்கள், எல்லாம் தானாக வரும்' என்பவர்கள். நிதியத்தில் பங்கைத் திருத்த 2010-ல் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கப் பாராளுமன்றம் இழுத்தடித்ததில் அது அமலுக்கு வந்தது 2016-ல். 2023 டிசம்பரில் அடுத்த சீராய்வு முடிந்தது. எல்லோர் பங்கையும் ஒரே விகிதத்தில் 50 சதவீதம் உயர்த்த ஒத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் உயர்ந்தால் யாருக்கு என்ன மாறியது? பந்தியில் எல்லோருக்கும் இலையைப் பெரிதாக்கிப் போட்டார்கள். உட்கார்ந்த வரிசை மாறவே இல்லை. தானாக வருவது முதுமை ஒன்றுதான், நண்பர்களே.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிய திட்டம் ஏதும் என்னிடம் இல்லை. நம் அரசாங்கம் ஒன்றை விடாமல் கேட்க வேண்டும். எந்தப் பன்னாட்டு அமைப்பிலும், தலைவரானாலும் துணைத் தலைவரானாலும், எந்த நாட்டுக்கும் ஒதுக்கீடு கூடாது. பதவியை அறிவித்து, விண்ணப்பம் வாங்கி, தகுதி பார்த்து எடுக்க வேண்டும். நம் ஊரில் கிராம உதவியாளர் வேலைக்கே அறிவிப்பு வேண்டும், நேர்முகம் வேண்டும் என்கிறோம். உலகத்தின் கடன் கணக்கைப் பார்க்கும் பதவி மட்டும் இரண்டு கண்டங்களுக்குப் பரம்பரைச் சொத்தா? ஆறுதலுக்கு ஒரு துணை நாற்காலி தருகிறோம் என்றால், 'முதலில் கதவைத் திறங்கள், நாற்காலியை அப்புறம் பேசுவோம்' என்று சொல்லும் தைரியம் வேண்டும். அடிமை நாட்டுப் பிரதிநிதியாகப் போன சண்முகம் செட்டியாருக்கு அந்தத் தைரியம் இருந்தது. சுதந்திர நாட்டுக்கு இருக்கக் கூடாதா?

ஐ.நா. தலைமைச் செயலர் குட்டெரெஸின் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்து வருபவர் பத்தாவது தலைமைச் செயலர். அவர் தனக்குத் துணை ஒருவரை நியமிப்பார். அந்தத் துணை ஒருவேளை இந்திய வம்சாவளியாக இருந்தால் மறுபடியும் கொடிப் படங்கள் பறக்கும். படத்தை அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த நாற்காலியை யார் கொடுத்தார்கள்? எதைக் கொடுக்காமல் இருப்பதற்காகக் கொடுத்தார்கள்? உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது எளிய மக்களுக்கு எதை விட்டுவிட்டுப் போவார்? மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் பட்டாசுக்கு நானே பணம் தருகிறேன், பென்ஷனிலிருந்து.